தலைமுடியும் பிறர் கண்ணும்

மனிதனுக்கு வாய்த்த பொருள்களுள் தலைமுடியின் நிலை விந்தையானது. அது நம்முடையது, ஆயினும் கண்ணாடியின் துணையின்றி அதை நாம் காண இயலாது. நாள் முழுதும் அதைக் காண்போர் பிறரே. எனவேதான், முடியை எவ்வாறு வைத்துக்கொள்வது என்னும் வினா எழும்போது, நம் மனத்தின் விருப்பமும் பிறர் கண்ணின் மதிப்பும் ஒன்றோடொன்று வழக்காடத் தொடங்கிவிடுகின்றன.

நம் பாட்டனார் காலத்தில் தமிழ் முஸ்லிம் ஆடவர் பலர் தலையை முழுதும் மழித்துத் தொப்பி அணிவதையே வழக்கமாகக் கொண்டிருந்தனர். 'கிராப்பு' வைத்த இளைஞரைப் பெரியவர்கள் ஏற இறங்கப் பார்த்ததுண்டு. நாம் மத்ரஸாவில் ஓதிய நாள்களிலும் மழித்த தலையே மாணவரின் அடையாளம். பட்டம் பெற்று வெளிவந்தபின், முடியை வளர்த்து நடுவில் வகிடெடுத்து வாரிக்கொள்வது நமக்குப் பிடித்திருந்தது. பணியேற்ற ஊரில் பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், ஓதிக்கொடுப்பவருக்கு இவ்வளவு முடி எதற்கு? பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று வினவினார். அவர் குரலில் பகை இல்லை, கவலையே இருந்தது. "முடி இருப்பதா உங்களுக்கு வருத்தம், அதன் நீளமா?" என்று பணிவோடு கேட்டோம். சற்று எண்ணிப் பார்த்து, "பிடரியில் தொங்குகிறதே, அதுதான்" என்றார். காதுச் சோணையளவில் கத்தரித்துக்கொண்டோம். வகிடு நம் விருப்பப்படியே இருந்தது. பெரியவரின் மனமும் அமைதியுற்றது.

இவ்வழக்குக்கு ஹதீஸ் நூல்கள் நல்ல தீர்ப்பு வழங்குகின்றன. நபிகள் பெருமானாரின் (ஸல்) முடி சில வேளைகளில் காதுச் சோணை வரையிலும், சில வேளைகளில் தோள் வரையிலும் இருந்ததாக அறிவிப்புகள் உள்ளன, ஹஜ்ஜின்போது மழித்துக்கொண்டார்கள். இன்ன நீளமே கூடும் என்று வரையறை இல்லை. முடியுடையவர் அதைக் கண்ணியமாகப் பேணவேண்டும் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. தலைவாருவதையே அன்றாட வேலையாகக் கொள்ளாது, நாள் விட்டு நாள் வாரும்படி கூறும் நபிமொழியும் அந்நூலிலேயே உள்ளது. முன்னது பிறர் கண்ணுக்குரிய பங்கை அளிக்கின்றது. பின்னது கண்ணாடியின் முன்னே காலங்கழிக்கும் நோயினின்று நம்மைக் காக்கின்றது.

ஹளரமௌத்தைச் சேர்ந்த வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) நீண்ட முடியோடு பெருமானாரிடம் வந்தார். அண்ணலார் மொழிந்த கடுஞ்சொல் ஒன்றைத் தம்மைக் குறித்ததென்று எண்ணித் திரும்பிச் சென்றார். முடியைக் குறைத்துக்கொண்டு மறுநாள் வந்தார். அவரைக் கருதி அச்சொல்லைக் கூறவில்லை என்று தெளிவுபடுத்திய அண்ணலார், ஆயினும் இந்நிலை அழகியது என்று பாராட்டினார்கள். நாம் அஞ்சி நடுங்கும் 'பிறர் எண்ணம்' பல வேளைகளில் நம்மைப் பற்றியதே அன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் ஓதிய பதினாறு வயது மாணவன் ஒருவன், பக்கங்களைக் கத்தியால் மழித்து, உச்சியில் மட்டும் அடர்ந்த முடியோடு வந்தான். அவன் அத்தா கொதித்தெழுந்தார். "ஊர் சிரிக்கிறது; மொட்டையடித்தால்தான் வீட்டில் சோறு" என்றார். பையன் ஓத வருவதையே நிறுத்திவிட்டான். முடிக்காக ஒரு பிள்ளையின் கல்வி போவதா? இருவரையும் அழைத்து அமரச் செய்தோம்.

"ஊருக்காகச் செய்யமாட்டேன், ஹஜ்ரத். காரணம் இருந்தால் சொல்லுங்கள்" என்றான். வானில் துண்டு துண்டாகச் சிதறிய மேகத்துக்கு அரபியில் 'கஸஉ' என்று பெயர். தலையில் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விடுவதற்கும் அதுவே பெயர். அதற்குரிய தடை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இதை விளக்கி, "மழிப்பதுதான் இங்கே பேச்சு, தம்பி, உச்சி முடியின் நீளம் உன் விருப்பம்" என்றோம். பக்கங்களில் முடி வளர்ந்தபின் கத்தரிக்கோலால் ஒழுங்குசெய்துகொள்ள இசைந்தான். அத்தாவுக்கு முழு நிறைவில்லை; என்றாலும் சோற்றை மறுக்கும் பேச்சு அன்றோடு நின்றது. மறுவாரம் பையன் ஓத வந்தான்.

அன்புடைய பெற்றோர்களே! 'ஊர் என்ன சொல்லும்' என்னும் சொல் பிள்ளையின் தலையைக் குனியவைக்கலாம். அவன் உள்ளத்தை இணங்கவைக்காது. மார்க்கத்தின் எல்லை எதுவோ அதைக் காரணத்தோடு கூறுங்கள். தூய்மையும் ஒழுங்கும் காண்பவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் என்று கற்பியுங்கள். அதற்குமேல் எஞ்சுவது வகிடு இடமா வலமா, நீளம் இரு விரலா நான்கு விரலா என்பதே. அதை அவன் விருப்பத்துக்கு மனமுவந்து விட்டுக்கொடுங்கள். சிறியதில் விருப்பம் மதிக்கப்பெற்ற பிள்ளை, பெரியதில் நம் சொல்லுக்குச் செவிசாய்ப்பான்.