பதுளையிலிருந்து பொக்ஸ் ஹில் வரை

பதுளை நகரம் ஒரு கிண்ணத்தின் அடியில் வைத்தாற் போல அமைந்தது. எந்தத் திசையில் வெளியேறினாலும் ஏற வேண்டும். ஏறினால் வளைய வேண்டும். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்க, 2,036 மீட்டர் உயரமுள்ள நமுனுகுலை மலை முகிலை முக்காடிட்டுக்கொண்டு அதனைப் பார்த்தபடி நிற்கிறது. இந்தப் பாதைகளிலே மோட்டார் வண்டி ஓட்டக் கற்றவன் உலகில் வேறெங்கும் ஓட்டுவான் என்று ஊவாவாசிகள் பெருமை பேசுவதுண்டு. கொழும்புச் சாரதிகள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும் ஹாலிஎலையைத் தாண்டியதும் அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

அண்மையில் ஒருநாட் காலை, பதுளை பஸ் நிலையத்தில் தியத்தலாவைக்கு பஸ் ஏறினேன். எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு இளைஞர்கள். பஸ் புறப்படுமுன்னரே அவர்களுடைய வழக்குத் தொடங்கிவிட்டது. உலகத்தில் இதுவரை தோன்றிய மோட்டார்ப் பந்தயச் சாரதிகளுள் தலைசிறந்தவர் யார் என்பதே வழக்கு.

ஒருவன் ஜெர்மனியரான மைக்கேல் ஷூமாக்கரின் கட்சி. ஏழு முறை உலகப் பட்டம், 91 வெற்றிகள். மற்றவன் ஆங்கிலேயரான லூயிஸ் ஹமில்டனின் கட்சி. 2020இல் அவரும் ஏழாவது பட்டத்தைப் பெற்றுவிட்டார். வெற்றிகளோ நூறைத் தாண்டிவிட்டன. ஏழுக்கு ஏழு சரியாகிவிடவே, பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். மூன்று பட்டங்களோடு 1994 மே 1ஆம் திகதி இமோலாப் பந்தயத்திலே உயிர்நீத்த அவர் இருந்திருந்தால் கணக்கே வேறு என்றார்கள். பிறகு நம்மவர் பேச்சு வந்தது. ஆசியப் பந்தயத் திடல்களில் லம்போர்கினி ஓட்டிய இலங்கையர் திலந்த மாலகமுவையை ஒருவன் சொல்ல, கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்ததை மற்றவன் எடுத்துவிட்டான். அன்றைய தினம் டயர்த் தகராற்றினால் ஏனையோர் விலகிக்கொள்ள, ஆறே ஆறு வண்டிகள்தாம் ஓடின என்பதை அவன் சொல்லவில்லை. நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜன்னலோரத்தில் இருந்த முதியவர் ஒருவர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டே வந்தார். பஸ் தெமோதரையை நெருங்கியபோது வாய் திறந்தார்.

"அது சரி தம்பி, அவங்க ஓட்டுற ரோட்டோரமா ஆளுங்க நிப்பாங்களா?"

"இல்ல தாத்தா. வேலி அடிச்சு, ரொம்பத் தூரத்துலதான் ஆளுங்கள உக்கார வச்சிருப்பாங்க."

"அப்ப லேசுதான்."

அவர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்து லொறி ஓட்டியவராம். கொழுந்து லொறி ஓட்டுவதென்பது எளிய காரியமன்று. மடுவத்தில் நிறுத்த கொழுந்து சாக்குகளில் நெருங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்து நல்ல தேயிலையாகாது. ஆகவே தாமதிக்கக் கூடாது. அதேவேளையில் ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், நடுவே ஒரு வண்டிக்கே போதாத பாதை. அந்தப் பாதையின் ஓரத்திலேதான் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிள்ளைக்காம்பராவுக்குக் கைக்குழந்தையோடு போகும் தாய்மாரும் நடப்பார்கள். அவசரமும் நிதானமும் ஒரே காலடியில் இருக்க வேண்டும்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது. மேல மலையில கொழுந்து எடுக்குறவங்களுக்குத் தெரியும். லொறிச் சத்தம் கேட்டா அவங்க நம்மளத்தான் பார்ப்பாங்க. பார்த்தாங்கன்னா பயமில்ல. எல்லாரும் வேற பக்கம் பார்த்துக்கிட்டு நின்னா, ஒடனே பிரேக்குல கால வச்சிரணும்" என்றார் பெரியவர்.

நான் திடுக்கிட்டேன். ஏறக்குறைய இதே சங்கதியை மொனாக்கோ நாட்டுப் பந்தயத்தைப் பற்றி நான் படித்திருந்தேன். அது நடந்தது 1950 மே 21ஆம் திகதி. ஆர்ஜன்டீனா நாட்டு ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். முதற் சுற்றிலேயே, கடலலை தெறித்து நனைந்திருந்த ஒரு வளைவில், அவருக்குப் பின்னால் வந்த வண்டிகள் ஒன்றோடொன்று மோதிப் பாதையை அடைத்துவிட்டன. முன்னே சென்றுவிட்ட அவருக்கு இது தெரியாது. இரண்டாம் சுற்றில் அந்த வளைவை அணுகும்போது, முதலாவதாக வருகிற தம்மைப் பார்க்காமல் சனங்கள் வேறு புறம் முகந்திருப்பி நிற்பதைக் கண்டார். 1936இல் அதே பந்தயத்தில் நேர்ந்த விபத்தின் படமொன்றை முதல்நாள் பார்த்திருந்ததும் அவருக்கு நினைவில் வந்தது. பிரேக்கை அழுத்தினார். நொறுங்கிக் கிடந்த வண்டிகளின் முன்னே நிறுத்தி, இடுக்கில் வழி கண்டு சென்று, அந்தப் பந்தயத்தையும் வென்றார்.

நான் இதைச் சொன்னதும் பெரியவர் வியக்கவில்லை. "கொழுந்து எடுக்குறவங்க இருந்திருப்பாங்க" என்றார்.

என்னைக் கேட்டால், வழக்கிலே நான் ஃபாஞ்சியோவின் பக்கமே. அவர் வென்றது ஐந்து பட்டங்கள்தாம். ஆனால் 1951க்கும் 1957க்கும் இடையில் அல்பா ரோமியோ, மெர்சிடிஸ், பெராரி, மசராட்டி என்று நான்கு கம்பனிகளின் வண்டிகளில் வென்றார். 51 பந்தயங்களில் 24 வெற்றிகள். முதற் பட்டம் பெறும்போது அவருக்கு வயது நாற்பது. அதைவிட, அவர் தொழில் பழகிய இடந்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பல்கார்சே என்ற சிற்றூரில் இயந்திரம் திருத்துபவராயிருந்த அவர், 1940இல் புவனஸ் ஐரிசிலிருந்து அந்தீஸ் மலைகளைத் தாண்டி லீமா வரை சென்று திரும்பும் பந்தயத்தை ஒரு செவர்லே வண்டியில் வென்றார். தூரம் ஏறக்குறைய 9,500 கிலோமீட்டர்; பெரும்பாலும் மண்பாதை. 1948இல் அத்தகைய மற்றொரு பந்தயத்தில் வண்டி பெரு நாட்டு மலைப்பாதையில் உருண்டு, உடன் வந்த தோழர் இறந்தார். மலைப்பாதை என்ன வாங்கும் என்பதை அறிந்தவர் அவர்.

நம் பாதைகளும் வாங்கத்தான் செய்கின்றன. 2021 மார்ச் 20ஆம் திகதி, பசறை–லுணுகலைப் பாதையில் 13ஆம் கட்டையருகே, பாறை சரிந்து ஒடுங்கியிருந்த இடத்தில், எதிரே வந்த வண்டிக்கு இடம் விட்ட பஸ் பள்ளத்தில் விழுந்து 14 உயிர்களுக்குக் குறையாமல் போயின. அந்த இடத்தின் பெயரைச் சொன்னபோது பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

தெமோதரையில் ரயில் தன் பாதைக்கடியிலேயே சுரங்கத்தினூடாக வளைந்து போகும் விந்தையை ஏனைய பிரயாணிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வழக்கு பண்டாரவளை வரை சென்றது. அங்கே தேநீர் குடித்தோம். இளைஞர்கள் தியத்தலாவையில் இறங்கப்போவதாகச் சொன்னதும் பொக்ஸ் ஹில்லைப் பற்றிக் கேட்டேன். இருவரும் சற்று மௌனமானார்கள்.

நுவரெலியா மகாகஸ்தொட்டையில் 1934இல் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கிற்று. அது தோட்டத்துரைமார் காலத்துப் பந்தயம். தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயம் தொடங்கியதோ 1993இல், இராணுவத்தினர் நடத்துவது. எச்.எம்.எஸ். பொக்ஸ் என்ற ஆங்கிலப் போர்க்கப்பலின் மாலுமிகள், முதலாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இங்குத் தங்கியிருந்தபோது, மலைச்சரிவிலே வெள்ளைக் கற்களால் ஒரு நரியின் உருவத்தை அமைத்தார்கள். மலைக்குப் பெயர் அப்படி வந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் குடும்பங் குடும்பமாகச் சனங்கள் வந்து மண்பாதையைச் சுற்றி நிற்பார்கள்.

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி பந்தயம் நடந்தது. பாதையில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது. எச்சரிக்கைச் சைகை காட்டப்பட்டது. எனினும் பின்னால் வந்த வண்டியொன்று பாதையை விட்டு விலகிச் சனங்களுக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். போட்டிக்கு உதவியாக நின்றவர்களும் அவர்களுள் அடங்குவர். ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி.

"நான் அன்னைக்கு அங்கதான் நின்னேன் தாத்தா" என்றான் ஷூமாக்கரின் கட்சிக்காரன். "மேட்டு மேல. என் கண்ணுக்கு வண்டியே தெரியல. தூசிதான் தெரிஞ்சுது."

அந்தப் புழுதிக்குள் வந்த சாரதிக்குத்தான் யாருடைய முகம் தெரிந்திருக்கும்? ஃபாஞ்சியோவாயினும் கொழுந்து லொறிக்காரராயினும், முகம் தெரிந்தால் அல்லவா பிரேக்கை அழுத்துவார்! 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்சின் லு மான் பந்தயத்தில் ஒரு வண்டி பார்வையாளர் மீது பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அதன் பின்னாலே வந்துகொண்டிருந்தவர் இதே ஃபாஞ்சியோ. முன்னே சென்ற சாரதி கையை உயர்த்திக் காட்டியதாலேயே தாம் பிழைத்ததாக அவர் சொல்லிவந்தார். அந்தக் கை அவருக்கு உதவிற்று. ஓரத்தில் நின்றவர்களுக்கு உதவவில்லை. சுவிற்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. லு மானில் பாதையைத் திருத்திச் சனங்களைத் தள்ளி நிறுத்தினார்கள். இளைஞன் சொன்ன அந்த வேலியும் தூரமும் இத்தகைய விபத்துகளின் பின் வந்தவை. சாரதியின் திறமையை நம்பிப் பிள்ளையைப் பாதையோரத்தில் நிறுத்தக் கூடாதென்று ஐரோப்பாவில் அன்றே கண்டுகொண்டார்கள். நமக்கு அது 2024 வரை எட்டவில்லை என்பதை நினைக்க எனக்கு ஆத்திரமே வருகிறது.

தியத்தலாவையில் இறங்கினோம். பைன் மரங்களின் ஊடே குளிர்காற்று வந்தது. இளைஞர்கள் விடைபெறுமுன் ஹமில்டனின் கட்சிக்காரன், "என்ன இருந்தாலும் அஞ்ச விட ஏழு கூடத்தானே ஐயா" என்று எனக்கு ஒரு வார்த்தை வைத்துவிட்டே போனான்.

பெரியவர் மகள் வீட்டுக்குப் போகிறவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்:

"நீங்க சொன்ன அந்த ஆளு எத்தன வயசு வரைக்கும் இருந்தாரு?"

"1958இல் பந்தயத்தை விட்டுவிட்டார். 1995இல் காலமானார். எண்பத்து நான்கு வயது."

"அப்ப நல்ல ட்ரைவர்தான்" என்று சொல்லிவிட்டு, பாதையைக் கடக்க இருபுறமும் பார்த்தபடி நின்றார். பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.