மலைக்கு முதுகுப் பக்கம் ஓர் ஊர்

கிரிவலம் போய்விட்டு வந்த ஆபீஸ் நண்பரிடம், "அடி அண்ணாமலை எப்படி சார் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "அது எங்கே இருக்கு?" என்பார். அந்த ஊரை மிதித்துத்தான் வந்திருப்பார்! கால் வலியில் ஊர்ப் பெயரா கண்ணில் படும்?

14 கிலோமீட்டர் பாதையில் பாதியைத் தாண்டி, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவே இருக்கிறது இந்த ஊராட்சி. பெரிய கோயிலுக்கு மலையின் முகம் என்றால், இவர்களுக்கு முதுகு. இங்கேயும் ஓர் அருணாசலேஸ்வரர் உண்டு. 'ஆதி' அருணாசலேஸ்வரர்! பிரம்மா பிரதிஷ்டை செய்தது என்கிறது தல புராணம். ஆகவே, 'எங்க சாமிதான் சீனியர்' என்று உள்ளூர்க்காரர் யாராவது காலரைத் தூக்கிவிட்டால் கோபப்படாதீர்கள். திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகருக்கும் இங்கே தனிக்கோயில்.

பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கில் ஜனம் இந்த ஊரைக் கடக்கிறது. வீட்டு வரி கட்டுவது உள்ளூர்க்காரர். தண்ணீர் பாட்டிலையும் தொன்னையையும் போட்டுவிட்டுப் போவது நாம். குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் ஊராட்சி தலையில்தான்.

1886-ல் நகராட்சியான திருவண்ணாமலை, 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதோடு சேர்க்கும் பேச்சும் கூடவே வந்தது. ஊர்க்காரர்களுக்கு இனிக்கத்தானே வேண்டும்? பாதாளச் சாக்கடை வரலாம், சம்பந்தம் பேசும்போது 'நாங்க கார்ப்பரேஷன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கிராமத்துக்கென்று உள்ள வேலைத் திட்டம் மாநகராட்சிக்குக் கிடையாது. மழை இல்லாத மாசத்தில் அந்தக் கூலியை வைத்து உலை ஏற்றுகிற வீட்டில் போய் 'கார்ப்பரேஷன்' பெருமை பேசிப் பாருங்கள்!

இன்னொன்று, கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்தில் சில நாள் ஊரே கூடும். ஓட்டுரிமை உள்ள எந்தப் பாட்டியும் எழுந்து, "எங்க தெருவுல ஏன்யா லைட்டு எரியல?" என்று தலைவரை நேருக்கு நேர் கேட்கலாம். மேயரை அப்படி மடக்க முடியுமா? 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பாட்டி அப்போதும் கேட்கலாம். ஆனால் பதில் சொல்பவர் அடுத்த தேர்தலில் அவள் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வரவேண்டிய ஆள் இல்லையே!

பௌர்ணமி கூட்டத்தில் இந்த ஊர் தெரியாது. சும்மா ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். கோயிலில் பத்து நிமிஷம் உட்காரலாம், யாரும் 'நகருங்க' சொல்ல மாட்டார்கள். வெளியே வந்து மலையை அண்ணாந்து பாருங்கள். டவுனில் பார்த்த மலையா இது என்று தோன்றும்.