மேற்கே மின்னினால்

திண்டிவனம் பக்கம் மணிலாவும் நெல்லும் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு, மேற்கே மின்னினால் மனசு குளிர்ந்துவிடும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. வாசலில் நின்று வானத்தைப் பார்த்த அப்பாவின் முகம், ஏரி நிரம்பிய வருஷத்தில் மட்டும் தாராளமாக எடுத்த பொங்கல் துணி, இப்படித்தான் உள்ளே இறங்கியிருக்கும். பள்ளிக்கூடம் அதற்கு முத்திரை குத்தும்: திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு.

அங்கிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில், உப்பளங்கள் இருக்கிற மரக்காணம். அதே மேகம் அங்கே போய்ச் சேரும்போது யாரும் சிரிப்பதில்லை.

உப்பளத்துக் கணக்கு வேறு. ஜனவரி வாக்கில் பாத்திகளைச் சீர் செய்து, களிமண்ணைக் காலாலேயே மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துகிறார்கள். கடல் நீருக்கு அடர்த்தி ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலும் காற்றும் அதைச் சுண்டவைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு மணி கட்டும். மே மாதத்தில் ஒரு மணி நேர மழை போதும். வாரக் காத்திருந்த உப்பு கரைந்து, தண்ணீர் நீர்த்துப்போய், பல நாள் பாடு வீண். கரையில் குவித்த அம்பாரத்தை மூடப் பெரியவர்கள் கீற்றும் தார்ப்பாயும் தூக்கிக்கொண்டு ஓடினால், பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் படிக்கிற பாடம் வான்சிறப்பு அல்ல.

நிலத்துக்கு ஒரு தெய்வம், உணவு, பறை, தொழில் என்று தொல்காப்பியம் வகுத்ததைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாம். மனுஷனை அவன் மிதிக்கிற மண் எவ்வளவு தூரம் ஆள்கிறது என்கிற யோசனை அதற்குள் இருப்பது உப்பளத்தில் நின்றால்தான் உறைக்கிறது. ஒரு வேடிக்கை: நெய்தலுக்கு அங்கே தந்திருக்கிற தெய்வம் வருணன். ஊர் உலகமெல்லாம் மழை கேட்டு ஜபம் செய்வது அவனிடம். அவன் சொந்த நிலத்திலோ வராதே என்று வேண்டுதல்! அரசுக்கும் இது புரிந்திருக்கிறது. மழை பொய்த்தால் விவசாயிக்கு நிவாரணம் என்றால், உப்பளத் தொழிலாளிக்கு மழை பெய்கிற மாதங்களுக்காக 5,000 ரூபாய்.

அதற்காக, மண் வார்த்தது வார்த்ததுதான் என்று சொல்ல மாட்டேன். பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா, மயிலம் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதுசில், கருமேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

"இப்ப எப்படிக்கா?"

"எங்கண்ணன் மணிலா போட்டிருக்குது தம்பி. அங்க பேயணும், இங்க பேயக் கூடாது."

"சாமிக்குக் கஷ்டமாச்சே!"

"அது சாமி பாடு."

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அண்ணன் கொல்லையும் முழுகியது, அளமும் முழுகியது. இரண்டு வீடும் ஒன்றாய்ச் சேர்ந்து திட்டிய மழை அது ஒன்றுதான். அடுத்த சித்திரையிலேயே அண்ணன் போன் போட்டு, "என்னம்மா, கோடை மழையக் காணோமே" என்று ஆரம்பித்துவிட்டாராம். அக்கா அந்த மாசம் பூராவும் போனையே எடுக்கவில்லை.