சருகுக்குள் ஒரு வேட்டைக்காரி

புரட்டாசியில் ஜோக் அருவிக்குப் போனோம். 253 மீட்டர் உயர அருவியாம். மூடுபனியில் இரைச்சல் மட்டும்தான் கேட்டது! மறுநாள் காலை சாகரா பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. மேலே சரிவில் ‘சொப்பின பெட்டா’, அதாவது விவசாயிகள் தழை எடுக்க உரிமையுள்ள காடு. அந்தச் சருகைத் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு மக்கவைத்துப் பாக்குக்குப் போடுகிறார்கள்.

அங்கே காலால் சருகை விலக்கியதும் ஏதோ துள்ளியது. வெட்டுக்கிளி என்று குனிந்தால், எறும்பு! ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். பெரிய கண்கள், இடுக்கி போல நீண்ட தாடை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ‘ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர்’ இதுதான். நம் வீட்டு எறும்பு போல வரிசை கட்டாது. தனியாகவே வேட்டை. சிலந்தி, சில்வண்டைக் கண்ணால் பார்த்து, தாவிப் பிடித்து, கொட்டிச் செயலிழக்க வைத்து வளைக்குக் கொண்டுபோகும். ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் நாள்கணக்கில் அடித்துக்கொள்ளும், ஜெயித்தவை முட்டையிடும். அப்போது அவற்றின் மூளை சுருங்கிவிடும். பழைய வேலைக்குத் திரும்பினால் மறுபடி வளரும் என்று 2021-ல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

“உங்க ஊர்ல சருகை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார் தோப்புக்காரர். போன மாசியில்தான் மாந்தோப்புச் சருகு முழுவதையும் கொளுத்தியிருந்தேன்.

“கூட்டி வைப்போம்ங்க” என்று மட்டும் சொன்னேன்.