கடுக்கனும் பாம்படமும்

மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் சேர வரும் இளைஞர்களின் தேகத்தைப் பரிசோதிக்கும் வைத்தியர்களுக்கென உள்துறை அமைச்சகம் வகுத்திருக்கும் விதிகளை அண்மையில் படிக்க நேர்ந்தது. கண் பார்வை, மார்பளவு, பாதத்தின் வளைவு என்று கிரமமாகச் சென்றுகொண்டிருந்த அந்த விதிகளுக்கிடையில், பச்சை குத்திக்கொண்டவர்களைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் மேலே படிக்க மனம் வரவில்லை. முன்கையின் உட்புறத்தில் பச்சை இருக்கலாம். அதுவும் இடக் கையில்தான் இருக்கலாம். ஏனெனில் அது சலாம் வைக்காத கை. உறுப்பின் நாலில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே அது அடைத்திருக்க வேண்டும். தெய்வ உருவமோ, சமயச் சின்னமோ, பெயரோ ஆனால் தடையில்லை. ஜனங்களின் சமய உணர்ச்சிக்கு மரியாதை தர வேண்டும் என்று அதற்குக் காரணமும் கூறப்பட்டிருக்கிறது. இராணுவத்திலும், பழங்குடிகளில் குலவழக்கமாகப் பச்சை குத்திக்கொள்வோருக்குத் தனியாக விலக்கு உண்டு.

சலாம் வைக்கும் கை, வைக்காத கை என்று மனித தேகத்தை இரண்டாகப் பகுத்துப் பார்க்கும் அந்தப் பார்வை என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஊருக்குள் பச்சை குத்த வரும் குறத்தியின் முன்னால் எந்தக் கையை நீட்டுவது என்று நம் முன்னோர்களில் யாரும் உத்தியோகத்தை நினைத்துத் தீர்மானித்ததில்லை. அவள் மை கூட்டும் முறையை, சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மிகுந்த சிரத்தையுடன் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தியிலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி எடுத்து, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக்கொள்வாளாம். அத்தனை பக்குவமாகக் கூட்டிய மையை ஊசி முனையால் தோலுக்குள் இறக்கி, கோலமாகவும் தேளாகவும் எழுதிவிட்டு, கூலியாகக் கிடைத்த நெல்லை முடிந்துகொண்டு அவள் அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். கையை நீட்டிய குழந்தை ஒருகாலத்தில் யார் முன்னிலையில் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிக் காட்ட நேரும் என்பது அவளுக்கும் தெரியாது, குழந்தையைப் பெற்றவளுக்கும் தெரியாது.

உத்தியோகம் கொடுப்பவனுக்கும் தேகத்தின் மேலுள்ள அடையாளத்துக்கும் இடையே நேர்ந்த வழக்குகளில், இந்த நாடு கண்ட மிகப் பெரியது வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்தது. 1806-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்ததை எல்லாரும் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் கிளர்ச்சிக்கு முன்னோடியாயிருந்த கட்டளைகளை நிதானமாகப் படிப்பவர்கள் குறைவு. 1805-ஆம் ஆண்டு நவம்பரில் புதுவிதத் தலைப்பாகை ஒன்று சென்னைச் சேனைக்கு விதிக்கப்பட்டது. அதில் தோலினாலான பதக்கம் ஒன்றும் வைத்திருந்தது. பிறகு, பிரதம சேனாதிபதி சர் ஜான் க்ராடக்கின் அதிகாரத்தின்கீழ் வெளிவந்த விதிகளின்படி, சீருடை தரித்திருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதிச் சின்னம் இடலாகாது. காதில் கடுக்கன் அணியலாகாது. முகவாய்க்கட்டை சுத்தமாக மழிக்கப்பட்டிருக்க வேண்டும். மேலுதட்டு மீசையும் இயன்றவரையில் எல்லாருக்கும் ஒரே அளவாகவும் ஒரே வடிவமாகவும் இருக்க வேண்டும்.

இவற்றுள் நெற்றிச் சின்னம் கழுவினால் போய்விடும். மறுநாள் மீண்டும் இட்டுக்கொள்ளலாம். மழித்த தாடியும் வளர்ந்துவிடும். கடுக்கனைப் பற்றிய கட்டளையோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. கழற்றிப் பெட்டியில் வைக்கக்கூடிய ஆபரணங்களுள் ஒன்று என்று அதனைக் கருதியவர்கள், காது குத்துவது என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்பதை அறியாதவர்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, வாயில் வெல்லத்தை ஊட்டி, பத்தர் தங்கக் கம்பியைச் செலுத்தும் அந்த ஒரு கணத்தில்தான் பிள்ளை தன் குலத்தோடு சேர்க்கப்படுகிறான். முஸ்லிம் சிப்பாய்கள் சிலருக்கும், பிறந்தபோதே ஒரு மகானுக்கு நேர்ந்துகொண்டு, காப்பாக அணிவிக்கப்பட்டது அந்தக் காதணி. பொன்னைக் கழற்றிவிட்டால் துளை நாளாவட்டத்தில் தூர்ந்துபோகவும் கூடும். ஆகையால் அந்தக் கட்டளை நகையின் மேல் இடப்பட்டதாகத் தோன்றினாலும் உண்மையில் சதையின் மேல் இடப்பட்டது. அந்தப் பிள்ளைக்காக அவனுடைய தாயும் மாமனும் செய்து முடித்த ஒரு காரியத்தை, மாதச் சம்பளம் கொடுப்பவன் அழித்துவிடு என்று சொன்னதாகவே அது அவன் காதில் விழுந்திருக்கும். ஒரு கையால் அவனுடைய அடையாளத்தை வாங்கிக்கொண்டு, மறு கையால் தோல் பதக்கத்தை அவன் தலையில் வைத்ததையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதத்திலேயே வேலூரில் நான்காம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். இந்து ஒருவர், முஸ்லிம் ஒருவர் ஆக இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடியும் வேலைநீக்கமும் தண்டனையாக விதிக்கப்பட்டன. இன்னும் பத்தொன்பது பேருக்கு ஐந்நூறு கசையடி விதிக்கப்பட்டு, அவர்கள் மன்னிப்புக் கேட்டதன்மேல் அது நீக்கப்பட்டது. தொள்ளாயிரம் என்ற அந்த எண்ணை நான் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மனம் பதைக்கிறது. ஜூலை மாதத்து விடியற்காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டதும், ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு வந்த ஜில்லெஸ்பி நடத்திய பதிலடியில் அதைக் காட்டிலும் பன்மடங்கு சிப்பாய்கள் உயிரிழந்ததும் சரித்திரப் பிரசித்தம். திப்புவின் குடும்பத்தார் அந்தக் கோட்டையில் சிறைப்பட்டிருந்ததும் கிளர்ச்சிக்குக் காரணம் என்று கூறுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், தலைப்பாகைக் கட்டளை ஜூலை மாதம் கழிவதற்குள்ளாகவே வாபஸ் வாங்கப்பட்டதும், மறு ஆண்டில் கவர்னர் பெண்டிங்க் பிரபுவும் க்ராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டதும், எது அந்த மனிதர்களின் நெஞ்சைச் சுட்டது என்பதைத் தெளிவாகவே காட்டுகின்றன.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. வேலூர்ச் சிப்பாய்களுக்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தது. அதில் இன்னது கூடாது என்று எழுதியிருந்தது. அதை இன்னார் வகுத்தார், இன்னார் அங்கீகரித்தார் என்பதும் தெரிந்திருந்தது. எழுதப்பட்டிருந்ததனால்தான் அதை மறுக்க முடிந்தது. பிறப்பிக்கப்பட்டிருந்ததனால்தான் அதை வாபஸ் வாங்கவும் முடிந்தது. எழுத்தில் இருக்கும் விதி எவ்வளவு கொடியதாயினும், எதிர்த்து நிற்பவனுக்கு நேர்நின்று முகத்தைக் காட்டுகிறது.

இன்றைய விதிக்கும் அந்தக் குணம் உண்டு. 2022-ஆம் ஆண்டில், வலக் கையில் சமயச் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்ததனால் மத்தியப் படைக்குத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்ட இளைஞர் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பச்சையை லேசர் சிகிச்சையால் நீக்கிக்கொள்ளத் தாம் சித்தமாயிருப்பதாகச் சொன்னார். நீக்கிக்கொண்டு புதிய வைத்தியக் குழுவின் முன் வரட்டும் என்று நீதிமன்றம் அவருக்கு வழிவிட்டது. சலாம் வைக்கும் கை என்ற அந்த நியாயம் எனக்கு உடன்பாடில்லாவிட்டாலும், எந்தக் கை, எந்த இடம், எவ்வளவு அளவு என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்ததற்காக அதை வகுத்தவர்களுக்கு நான் நன்றி பாராட்டுகிறேன்.

நீக்கிக்கொள்வதும் அவ்வளவு சுலபமான காரியம் அன்று. ஊசி இறக்கிய மையைத் தோலின் இரண்டாம் அடுக்கிலுள்ள சில உயிரணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது மை வெளிப்படுகிறது. உடனே அவற்றின் இடத்துக்கு வரும் புதிய உயிரணுக்கள் அதை எடுத்துக்கொள்கின்றன என்று 2018-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனையில் கண்டார்கள். தகப்பன் கண்மூடியதும் பிள்ளை கைக்கு வரும் பூர்வீக நிலத்தைப்போல, மை ஒரு தலைமுறை உயிரணுவிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. லேசர் கதிர் அந்த மையைத் துகள்துகளாக உடைத்து, தேகம் சிறிதுசிறிதாக வெளியேற்றும்படி செய்கிறது. கறுப்பு மை ஓரளவு எளிதில் போகும். பச்சை நிற மையும் நீல மையும் வைத்தியரின் பொறுமையைச் சோதிக்கும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை செய்துகொள்ள வேண்டிய அந்தச் சிகிச்சைக்குச் செலவு செய்ய, உத்தியோகம் தேடும் ஏழைப் பையனின் கையில் பணம் எங்கே இருக்கும்?

படைக்குப் போகிறவனுக்காவது விதி தெரியும். வாடிக்கையாளர் முன்னிலையில் நின்று செய்யும் எத்தனையோ உத்தியோகங்களுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளின் நிலை வேறு. கேள்வி கேட்பவரின் பார்வை மணிக்கட்டில் ஒரு கணம் தங்கி மீளும். பேச்சு முன்போலவே இதமாக நடக்கும். பிறகு கடிதம் வராது. என்ன காரணம் என்பதை அந்தப் பிள்ளை ஆயுள் முழுவதும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. வீட்டுக்கு வந்து முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இந்த எழுதப்படாத கட்டளையின் வலிமையை நான் அறிந்தது என் பெரியம்மாவிடமிருந்து. திருநெல்வேலிச் சீமையில், பெண்குழந்தைகளுக்குக் காது வளர்க்கும் வழக்கம் மங்கிக்கொண்டிருந்த காலத்தில், அவ்வழக்கத்தின் கடைசி வரிசைகளுள் ஒன்றில் வளர்ந்தவர் அவர். காதில் துளையிட்டு, பஞ்சைத் திணித்து, துளை பெருகப் பெருக ஓலைச் சுருளை வைத்து, அதன்பின் ஈயக் குணுக்குகளை ஒன்றன்மேலொன்றாக மாட்டி, மடல் தோளைத் தொடும்வரையில் அதை நீட்டுவார்கள். அவ்வளவு பாடும் பாம்படத்துக்காகத்தான். உள்ளே அரக்கை நிறைத்து, மேலே பொன் தகட்டைப் போர்த்தி, சதுரமும் உருண்டையுமாக இணைத்த அந்த நகை பெண்ணின் சொத்து. விதவையானாலும் தரித்திரம் வந்தாலும் அவள் காதிலேயே தொங்கும் சேமநிதி. என் ஆச்சி தம் மகளுக்கென்று அந்தப் பொன்னைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தார்.

பெரியம்மா படிப்பில் கெட்டிக்காரி. ஆசிரியப் பயிற்சி முடித்து, பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டார். விண்ணப்பத்தில் வயதைக் கேட்டிருந்தது, தேர்ச்சியைக் கேட்டிருந்தது, காதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பயிற்சிப் பள்ளியிலும் அவரை ஒருவரும் பரிகசித்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆயினும் நேர்முகத்துக்குப் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, தம் தகப்பனாரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், தொங்கிய சதையை அறுத்து மடலை ஒட்டித் தைத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டோடு வந்து நின்ற மகளைப் பார்த்து ஆச்சி கேட்டது எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

“அறுத்துட்டு வான்னு அங்க யாரும் சொன்னாவளாட்டி?”

“யாரும் சொல்லலம்மா.”

“பெறவு எதுக்குட்டி?”

அந்தக் கேள்விக்குப் பெரியம்மா அன்றும் பதில் சொல்லவில்லை, அதன்பிறகும் சொன்னதில்லை. சொல்வதற்கு அவரிடம் என்னதான் இருந்தது? வேலூர்ச் சிப்பாய்க்குச் சுட்டிக்காட்ட ஒரு விதி இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை. கேட்டவரில்லாமலே கொடுத்துவிட்டு வந்த ஒரு பொருளுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? ஆச்சி அதற்குப்பின் நெடுநாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சேர்த்து வைத்திருந்த பொன்னை உருக்கிச் சங்கிலியாகச் செய்து கல்யாணத்துக்குப் போட்டார்கள். ஆற வேண்டிய காலம்வரை பொறுத்து, தைத்த மடலில் புதிதாகத் துளையிட்டு, சிறிய கல் கம்மல் ஒன்றைப் பெரியம்மா அணிந்துகொண்டார்.

உத்தியோகம் கிடைத்தது. பிற்காலத்தில் சுற்றுக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு அவர் மாற்றலாகிப் போனபோது, வகுப்பில் நாலைந்து சிறுமிகள் வளர்த்த காதோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காதுகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் கண்டித்துமிருக்கிறார். ஆனாலும் அவர் போய்ச் சேர்ந்த இரண்டாம் வருஷத்திலிருந்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்தச் சிறுமிகளின் தாய்மார் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து, எந்த ஆஸ்பத்திரியில் தைக்கிறார்கள், என்ன செலவாகும், புண் ஆற எத்தனை நாள் ஆகும் என்று டீச்சரம்மாவிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள்.