அத்திம்பேரின் ஜாபிதா

என் அத்திம்பேர் பதினான்கு வருஷம் வேட்டைக்குப் புறப்பட்டுக்கொண்டே இருந்தார். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில், வெங்காயம் கூட வாசற்படி ஏறாத ஒரு வீட்டிலிருந்து, நீலகிரி மலைக்குத் துப்பாக்கியும் தூண்டிலுமாகப் போவதென்றால் லேசான காரியமா? ஏற்பாடுகள் வேண்டாமா?

பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் அவருக்குக் கணக்கு உத்தியோகம். நான் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவன். 1958-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டோன்மெண்டில் இருந்த ஒரு ரிடயரான ரேஞ்சர் வீட்டுக்கு அத்திம்பேர் ஏதோ பென்ஷன் கணக்குப் பார்த்துக் கொடுக்கப் போனார். திரும்பி வரும்போது ஆள் மாறிவிட்டிருந்தார். அவலாஞ்சி, முக்குருத்தி என்று அத்தைக்குப் புரியாத பெயர்களெல்லாம் அவர் வாயில் வந்தன. துப்பாக்கியும் லைசென்ஸும் ரேஞ்சருடையவை. தூண்டில் கழியும் அவருடையதே. அத்திம்பேர் உடன் வந்தால் போதுமாம்.

அன்று முதல் எங்கள் கூடத்தில் ஞாயிறுதோறும் சர்வே படம் விரிந்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். நான்கு மூலையிலும் வெற்றிலைப் பெட்டி, பஞ்சாங்கம், சொம்பு, என் அல்ஜீப்ரா புஸ்தகம். ஈரோடு, மேட்டுப்பாளையம், அப்புறம் பல்சக்கர ரயிலில் ஊட்டி, அங்கிருந்து அவலாஞ்சி. அதற்கு மேல் கால்நடை. முக்குருத்திச் சிகரம் 8,300 அடிக்கு மேல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தட்டையான தீவில் பிறந்து, உயரமென்றால் உச்சிப்பிள்ளையார் கோயிலின் 270 அடியை மட்டும் அறிந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய எண்!

அவருக்குத் தெரியாத தகவல் கிடையாது. அந்த ஓடைகளில் இருக்கும் டிரவுட் மீன் நம் ஊர் மீனே அல்ல. 1863-ல் பிரான்ஸிஸ் டே என்ற வெள்ளைக்கார டாக்டர் சீமையிலிருந்து முட்டை கொண்டுவந்து பார்த்தார், பலிக்கவில்லை. 1907-க்குப் பிறகு வில்ஸன் என்பவர் முயற்சியில்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. குளிர்ந்து ஓடும் தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது. இதையெல்லாம் அத்திம்பேர் ரசம் சாதத்துக்கு நடுவே சொல்லுவார்.

"பிடிச்ச மீனை என்ன பண்ணுவேள்?" என்பாள் அத்தை.

"திரும்ப விட்டுடுவேன்."

"அப்போ பிடிப்பானேன்?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. மோர் விட்டுக்கொள்வார்.

பயிற்சியும் நடந்தது. சனிக்கிழமைகளில் பத்துப் படி அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கோட்டை ஏறினார். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். அம்மா மண்டபத்தில் தூண்டில் வீசினால் ஊர் சிரிக்கும் என்பதால், கொள்ளிடத்து மணலில் முள் இல்லாத கயிற்றில் ஈயக் குண்டு கட்டி வீசிப் பழகினார். வண்ணான் துறையில் துணி துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வேட்டைக்கு உத்தேசித்த மிருகம் வரையாடு. 1877-ல் ஏற்பட்ட நீலகிரி வேட்டைச் சங்கமும், 1879-ல் வந்த சட்டமும் அதற்குக் கட்டுப்பாடுகள் வைத்திருந்தன. பெட்டையையும் குட்டியையும் தொடக்கூடாது. முதுகில் வெள்ளி பூத்த கிழட்டுக் கடாவை மட்டுமே சுடலாம். இதைப் படித்த அன்று அத்திம்பேர் வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு அப்போதே ஐம்பது வயது, கிருதா நரைத்துவிட்டது. "கிழடுன்னா கேட்பாரில்லை போலிருக்கு" என்றார் கடைசியில்.

ஒவ்வொரு வருஷமும் மாசி மாதம் தேதி குறிப்பார். தென்மேற்குப் பருவமழை அந்த மலையில் விளையாட்டல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் பத்திரிகையில் படித்தபோது, அவர் மாசியை விட்டு நகராததன் காரணம் எனக்கு விளங்கியது. தேதி குறிப்பார், ஜாபிதா எழுதுவார், லீவுக்கு எழுதிப்போடுவார். பங்குனி பிறக்கும், அவர் பொன்மலைக்கே போய்க்கொண்டிருப்பார். காரணம் சொல்லமாட்டார்.

1964-ல் நான் பி.ஏ. கடைசி வருஷம். அந்த வருஷமும் படம் விரிந்தது, மடிந்தது. எனக்கு இருபது வயது. உலகத்தில் எல்லாரையும்விட எனக்கு அதிகம் தெரியும். கூடத்தில் ரேஞ்சர் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்: "நீங்க எங்கேயும் போகமாட்டேள், அத்திம்பேர். உங்க மலையெல்லாம் காகிதத்திலேதான்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். படம் தானாகச் சுருண்டுகொண்டது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரையாட்டை இனி யாரும் சுடமுடியாது. அதே வருஷம் அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ரிடயரானார். பதினான்கு வருஷ ஏற்பாடு வீணாயிற்றே என்று நான் பயந்தேன். அவரோ பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "அம்பி, கிழடுகள் பிழைச்சுதுடா!" என்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

1976-ல் அவர் காலமானார். பதின்மூன்றாம் நாள் முடிந்த பிறகு அத்தை ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு பக்கம். கம்பளிக் காலுறை, அட்டைக்குப் புகையிலை, அவல், வெல்லம், டார்ச், பென்சில் என்று ஜாபிதா, எதிரே விலை, அடியில் கூட்டல். அதற்கும் கீழே சிவப்பு மசியில் ஒரு வரி. 1960: "அத்தைக்கு ஆஸ்துமா, வைத்தியம்." 1962: "கூரை ஓடு." 1964: "அம்பி, பரீட்சை பீஸ், ரூ. 118." கூட்டலும் 118 தான். அந்தப் பணத்தில் பரீட்சை எழுதிய பையன்தான், அந்த வருஷம் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னவன்.

நானும் உடனே போய்விடவில்லை. எனக்கும் சிவப்பு மசி வரிகள் இருந்தன. 2004-ல், என் அறுபதாவது வயதில், வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். முக்குருத்தி இப்போது தேசியப் பூங்கா. வெள்ளைக்காரர்கள் தூண்டிலோடு தங்கிய குடிசைக்கு மீன்பிடிக் குடில் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவருடைய ஜாபிதாவில் ஒரு சாமான் வீண் போகவில்லை. புகையிலை அட்டையை விரட்டிற்று. அவல் ஒரு வேளைப் பசி தீர்த்தது.

செங்குத்தான பாறை விளிம்பில், புல்வெளி முடிகிற இடத்தில், அவை மேய்ந்துகொண்டிருந்தன. பெட்டைகள், குட்டிகள், சற்றுத் தள்ளி ஒரு கறுத்த கடா, முதுகில் வெள்ளி. ரிடயராகிப் பென்ஷன் வாங்குகிறவர் மாதிரி யாரையும் லட்சியம் செய்யாமல் நின்றது. செத்தவர்களின் ஆவி முக்குருத்திச் சிகரத்திலிருந்துதான் மறு உலகத்துக்குத் தாண்டுகிறது என்பது தோதவர்களின் நம்பிக்கை. பக்கத்தில் நின்ற வனக் காவலர் சிகரத்தைக் காட்டி இதைச் சொன்னார். நான் ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து 1964-ஆம் வருஷத்துப் பக்கத்தைப் பிரித்தேன். சிவப்பு வரிக்குக் கீழே, "போய் வந்தாயிற்று" என்று எழுதலாமென்று சட்டைப் பையைத் தடவினேன். பென்சில் இல்லை. ஜாபிதாவில் இருந்தது; மலைமேல் பென்சில் எதற்கு என்று நான்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன்.