முள்ளியவளையில் ஒரு குரல்

வன்னி நாட்டைக் காணச் செல்வோர் பலர். அதனைக் கேட்கச் செல்வோர் மிகச் சிலரே. சென்ற மாரி ஓய்ந்து குளங்களெல்லாம் நிறைந்திருந்த ஒரு நாளில், நாமும் நம் நண்பர் ஒருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து அந்நாட்டுக்குப் புறப்பட்டது கேட்பதற்காகவே. நம்மோடு வந்த மூட்டை முடிச்சுகளைக் கண்டோர் கலியாண வீட்டுக்குச் செல்கிறோம் என்றே எண்ணியிருப்பர். ஓரடி உயரமான மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டு. அவற்றை இயக்கும் அம்பிளிபயர் ஒன்று. நண்பர் தம் மடியிலேயே வைத்துக் காத்துவந்த ஹெட்போன் ஒன்று. அந்த ஹெட்போன் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1997இல் வெளியிட்ட எச்.டி. 600 என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் விலையைக் கேட்டபோது நாம் திடுக்கிட்டோம். இன்னுஞ் சிறிது பணம் சேர்த்தால் ஒரு கறவைப் பசுவை வாங்கிவிடலாம்!

இவற்றுக்கெல்லாம் காரணமானது ஓர் ஒலிநாடா. நம் பெரியப்பா முல்லைமோடிக் கூத்தில் கோவலனாக ஆடிப் பாடியவர். 1980களின் தொடக்கத்தில், வளைகுடா நாட்டில் வேலை செய்து திரும்பிய உறவினர் ஒருவர், தாம் கொணர்ந்த ஸ்டீரியோ ரெக்கோடரில் அக்கூத்தை ஓரிரவு பதிவு செய்தார். பின்னர் 1990களில் வன்னியெங்கும் பரவிய மலேரியாக் காய்ச்சலில் பெரியப்பா மறைந்தார். வீட்டிலிருந்த ஒலிநாடாவோ இடப்பெயர்வுகளில் எங்கோ தவறிப் போயிற்று. ஆயினும் அதன் பிரதியொன்று ரொறன்ரோவில் ஒரு பழம்பெட்டிக்குள் உறங்கிக் கிடந்து, அண்மையில் கண்டெடுக்கப்பட்டுக் கணினி வழியே நம் கைக்கு வந்தது. அதனைப் பெரியம்மாவுக்குக் கேட்பிக்க வேண்டும். எதன் வழியே கேட்பிப்பது என்பதுதான் நமக்கும் நண்பருக்கும் இடையே வழிநெடுக நடந்த வழக்கு.

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகச் சென்றால் தூரம் குறைவு. ஆயினும் இரணைமடுவைக் காணாமலும் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமலும் செல்ல மனமின்றி, ஏ-9 வீதியிலேயே சென்றோம். இரணைமடுக் குளக்கட்டில் வண்டியை நிறுத்தி, நண்பர் ஹெட்போனை நம் தலையில் மாட்டினார். பழைய நாதஸ்வரக் கச்சேரி ஒன்று. நாயனக்காரர் மூச்சை இழுக்கும் ஓசையும், தவிலின் வலந்தலையில் விரற்கூடுகள் தனித்தனியே படும் ஓசையும், தொப்பியிற் கோல் விழுந்து எழும் கும்மென்ற ஒலியும் அப்படியே கேட்டன. ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், முன்னாலிருந்து அன்று, நம் மண்டைக்குள்ளிருந்தே! நாயனக்காரர் நம் நெற்றிக்குப் பின்னால் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒலிபெருக்கிகள் இரண்டை எதிரே வைத்துக் கேட்கும்போது, இடப்பெட்டியின் ஒலி இடச்செவிக்கு மட்டுமன்றி, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த தாமதத்தோடு வலச்செவிக்கும் செல்கிறது. வலப்பெட்டியின் ஒலியும் அவ்வாறே. இந்தச் சிறு தாமதத்தைக் கொண்டே ஒலி வரும் திசையை மூளை அறிகிறது. ஹெட்போனில் இந்தக் கலப்பு இல்லை. இடத்தது இடத்துக்கு, வலத்தது வலத்துக்கு என்று பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது.

"அதுதான் உண்மை. அறையும் சுவரும் கலக்காத தூய ஒலி" என்றார் நண்பர்.

"பாட்டுக் கேட்க வந்த இடத்தில் பக்கத்திலிருப்பவரைக் கலக்காததில் என்ன பெருமை?" என்றோம் நாம்.

முறிகண்டியில் தேங்காய் உடைத்து, சுடச்சுட வறுத்த கச்சான் வாங்கிக் கொறித்தபடி வழக்கைத் தொடர்ந்தோம். உள்ளே பார்த்தால் இரண்டும் ஒரே குலத்தவைதாம். காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். அதனோடு அசையும் ஒரு மென்தகடு. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அது சுருள் அசையாத பழைய வகை. ரைஸ், கெலொக் என்னும் இருவர் சுருள் அசையும் ஒலிபெருக்கியை விளக்கி எழுதியது 1925இல். அவ்வாண்டு டிசம்பரில்தான் கொழும்பிலும் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ஹெட்போனில் மட்டுமே கேட்க முடியும். வீட்டில் பத்துப்பேர் இருந்தால்? ஹெட்போனை ஒரு பீங்கான் கிண்ணத்துள் இட்டுச் சுற்றியிருந்து கேட்பார்களாம். நம் கட்சிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ என்று கேட்டோம். நண்பர் கச்சான் கோதை வெளியே எறிந்தாரேயன்றிப் பதில் கூறவில்லை.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் வரை காடும் வயலும் மாறி மாறி வரும். இவ்வழியிற் செல்லுந்தோறும் நமக்கு நினைவு வருவது டைனமோ வானொலிதான். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் இங்கெல்லாம் மின்சாரம் இல்லை, பற்றறிகளுக்கும் தடை. மக்கள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, விளக்கெரிக்கும் அந்தச் சிறு டைனமோவின் ஆறு வோல்ற் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். லண்டன் தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸையும் ஊரே கூடியிருந்து கேட்டது. சுற்றுபவன் சோர்ந்தால் செய்தியும் சோர்ந்து மங்கும். "சுத்தடா, சுத்தடா" என்று நாற்புறமும் கூக்குரல் எழும். மூன்றங்குல ஒலிபெருக்கியின் கரகரத்த குரல் அது. எந்த ஒலி வல்லுநரும் அதற்கு ஒரு புள்ளி கூடக் கொடுக்கமாட்டார். எனினும் அதனைப்போல் ஊன்றிக் கேட்கப்பட்ட ஒலி வேறொன்று இருக்குமென்று நாம் நினைக்கவில்லை.

முள்ளியவளைக்கு அணித்தான சிற்றூரில் பெரியம்மா நம்மை வாசலிலேயே எதிர்கொண்டார். 2009இல் நந்திக்கடலுக்கு அப்பால் ஒரு எறிகணை அருகில் வீழ்ந்ததில் அவருக்கு இடச்செவி முற்றாகக் கேளாமற் போயிற்று. ஒரு செவி இருந்தால் பேச்சுக் கேட்கும், திசை தெரியாது. அந்தியில் மாட்டின் கழுத்துமணி ஒலிக்கும்; மாடு எந்தப் பற்றைக்குள் நிற்கிறதென்று அறியாமல் நாற்புறமும் சுற்றித் தேடுவார். வீதியில் மோட்டார் சைக்கிள் ஒலி கேட்டால், அது எப்பக்கம் வருகிறதென்று தெரியும்வரை வேலியோடு ஒட்டி நிற்பார். இதனை அவர் குறையாகச் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

முதல் வாய்ப்பை நண்பருக்கே விட்டோம். ஹெட்போனைப் பெரியம்மாவின் நரைத்த தலையில் மெல்ல மாட்டி, பதிவை ஒலிக்கவிட்டார். பெரியம்மா கண்ணை மூடினார். சற்று நேரத்தில் நெற்றி சுருங்கியது.

"மத்தளம் நல்லாக் கேக்குது தம்பி. அவரை எங்க காணேல்லை? தூரத்தில ஆரோ கூப்பிடுறமாதிரி இருக்கு."

நண்பர் முகம் வெளுத்தது. நமக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்று பதிவு செய்தவர் ஒலிவாங்கி ஒன்றைப் பாடுவோர் பக்கத்திலும் மற்றொன்றை மத்தளத்தின் பக்கத்திலும் வைத்திருந்தார். பாட்டு இடத்தில், மத்தளம் வலத்தில். பெரியப்பாவின் குரல் முழுவதும் கேளாச் செவிக்குள் போய்க்கொண்டிருந்தது.

உடனே ஒலிபெருக்கிகளை இறக்கினோம். புதிய கல்வீடு; பன்னிரண்டடி அறை; சீமெந்துத் தரை. அங்கு வைத்தபோது மத்தளத்தின் தாழ்ந்த ஓசை சுவருக்குச் சுவர் மோதி வீங்கி, சொற்களை விழுங்கிவிட்டது. ஒலிபெருக்கியின் ஓசையில் பாதி அறையினுடையது என்பார்களே, அதனைக் கண்டோம். முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். அங்கே அடித்தொனி மெலிந்தது. திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. எனினும் சொல் தெளிந்தது. இறுதியில் கிடுகு வேய்ந்த பழைய திண்ணையே ஏற்ற இடமாயிற்று. ஓலையும் மண்சுவரும் மிகையை உறிஞ்சிக்கொண்டன.

கோவலன் பாடினான். இரு பெட்டிகளின் ஒலியும் பெரியம்மாவின் ஒரு செவிக்கே வந்து சேர்ந்தது. வேலிக்கப்பால் ஒரு தலை தெரிந்தது; பின்னர் இரண்டு; பின்னர் அரைவாசி ஊரே முற்றத்தில் இருந்தது. அண்ணாவியாரின் மகனென ஒருவர் வந்து, மத்தளம் அடிப்பவர் யாரென்று கேளாமலே பெயர் சொன்னார். பிள்ளைகள் மண்ணில் தாளம் போட்டனர்.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலின் பேச்சும் இடையே எழுந்தது. அங்கே கட்டும் புனல் ஒலிபெருக்கிகளில் பறையின் தாழ்ந்த ஓசை தேய்ந்து போகும். பாட்டும் நாயனமுமோ வயல் கடந்து செல்லும். வைகறையில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து மேற்காற்று வெதுவெதுப்பாய் இருப்பதால், மேலெழும் ஒலி வளைந்து மீண்டும் நிலத்துக்கே வருகிறது. ஊருக்குப் போகாதவர்களும் படுக்கையில் இருந்தபடி பொங்கலைக் கேட்பது இதனாலேயே. உறக்கம் கெட்டவர்களின் முறைப்பாடும் உலகில் உண்டு. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றி அத்திண்ணையில் எவரும் முறைப்படவில்லை என்பது மட்டும் உண்மை.

கூட்டம் கலைந்தது. நாம் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்திருந்த வேளையில் நண்பர் கைத்தொலைபேசியை எடுத்து ஏதோ தேடினார். செவிப்புலன் குறைந்தோர்க்கென அதில் ஓர் ஒழுங்கு உண்டு. அதனை இயக்கினால் இடமும் வலமும் ஒன்றாய்க் கலந்து இரு பக்கத்துக்கும் ஒரே ஒலி செல்லும். அவ்வாறு செய்து மறுபடி ஹெட்போனை மாட்டினார்.

இம்முறை பெரியம்மா கண்ணை மூடவில்லை. பாட்டு ஓரிடத்தில் நின்று, அடுத்த அடி தொடங்குமுன் ஒரு சிறு செருமல் வரும். ஒலிபெருக்கியில் அது எவருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் மறைந்துவிட்டது.

"உது அவற்றை செருமல்" என்றார் பெரியம்மா. "விடிய எழும்பினா முதல் கேக்கிறது உதுதான்."

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் முற்றத்தைப் பார்த்தோம். ஒலிபெருக்கிகளைப் பெட்டியில் அடுக்கும்போது இருள் சூழ்ந்துவிட்டது. குளத்துத் தவளைகள் தொடங்கிவிட்டன. எங்கோ ஓர் ஆட்காட்டி கத்தியது. புறப்பட நேரமாயிற்று என்று சொல்லச் சென்றோம். திண்ணைத் தூணில் சாய்ந்திருந்த பெரியம்மா, கையை உயர்த்தி நம்மைத் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ பிள்ளையள். அந்த இடத்தை இன்னொருக்காப் போட்டுவிடு, தம்பி."

நண்பர் அவரருகே திண்ணையில் அமர்ந்தார். ஹெட்போன் அன்றிரவு அங்கேயே தங்கிற்று; நாமும் தங்கினோம்.